வேளாண் பொறியியல் படித்தால் எங்கள் கரைக்கு என்ன பயன்?

கேள்வி: மண்டபம் பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என் பாடங்கள். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். அம்மா கடல்பாசி வளர்க்கும் மகளிர் குழுவில் இருக்கிறார். தாய்மாமா சாயல்குடிப் பக்கம் முண்டு மிளகாய் போடுகிறார். அவருடைய போர் தண்ணீர் உப்பாகிக்கொண்டே வருவதால் இன்னும் நூறு அடி இறக்கலாமா என்று யோசிக்கிறார். ஊருக்கும் கடலுக்கும் உதவுகிற படிப்பாகப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. வேளாண் பொறியியலைப் பற்றி எங்கள் ஆசிரியை சொன்னார். மாமாவோ, "டிராக்டர் ரிப்பேர் பார்க்கவா நாலு வருஷம் படிக்கணும்? கம்ப்யூட்டர் எடு" என்கிறார். அந்தப் படிப்பில் என்ன சொல்லித்தருவார்கள், வேலை கிடைக்குமா, பெண்கள் களத்தில் நின்று வேலை செய்ய முடியுமா என்று எழுதுங்கள், மேடம்.

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

படிக்கலாம், உங்கள் ஊருக்கும் உங்கள் பாடப்பிரிவுக்கும் பொருந்தும் படிப்புதான். ஆனால் இந்தப் பட்டத்தை வாங்கிய எல்லோரும் ஊருக்கும் கடலுக்கும் நன்மை செய்துவிடுவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மண்ணும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட வேலையில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: இராமநாதபுரம் கரையில் ஓர் இடத்தில் தண்ணீரை எடுத்தாலும், விட்டாலும், தேக்கினாலும், அதோடு உப்பும் இடம் மாறுகிறது, அது பெரும்பாலும் இன்னொருவருடைய கிணற்றுக்கோ வயலுக்கோ கடலுக்கோ போய்ச் சேர்கிறது. அது எங்கே போகிறது என்பதை வேலை தொடங்கும் முன்பே அளந்து பார்க்கிற பொறியாளரால்தான் மக்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒருசேர நன்மை கிடைக்கிறது. அப்படி அளப்பதற்கான கணக்கையும் கருவியையும் கற்றுத்தரும் படிப்பு என்பதால்தான் உங்களுக்கு இதைச் சொல்கிறேன்.

இந்தியாவில் இந்தப் பட்டப்படிப்பு 1942-இல் அலகாபாத் வேளாண் நிறுவனத்தில் தொடங்கியது. உழவுக் கருவிகளும் எந்திரங்களும் இன்றும் அதில் ஒரு பிரிவுதான், ஆனால் ஒரு பிரிவு மட்டுமே. மண், நீர் பாதுகாப்பு ஒரு பிரிவு. பாசனமும் வடிகாலும் இன்னொன்று. விளைபொருளை உலர்த்துவது, சேமிப்பது, பதப்படுத்துவது மற்றொன்று. சூரிய ஆற்றல், சாண எரிவாயு, உயிரிக்கழிவிலிருந்து எரிபொருள் என்று புதுப்பிக்கத்தக்க ஆற்றல் தனிப் பிரிவு. அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் 2005-இல் தன் பெயரிலேயே உயிரியலையும் சேர்த்துக்கொண்டது. பாசி, நுண்ணுயிர், மீன் வளர்ப்புக் குளம், கழிவுநீர் என உயிருள்ளவற்றைக் கொண்டு செய்யும் பொறியியல் அந்த அளவுக்கு இத்துறைக்குள் வந்துவிட்டது. ஆகவே கணிதமும் உயிரியலும் சேர்த்துப் படித்திருப்பது உங்களுக்குக் கூடுதல் பலம்.

பாடத்திட்டத்தை அடுக்கிச் சொல்வதைவிட, உங்கள் மாமாவின் போரை எடுத்துக்கொண்டால் படிப்பின் தன்மை விளங்கும். கடலோரத்தில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது, ஏனெனில் உப்புத் தண்ணீர் கனமானது. இந்தக் கன வேறுபாட்டை வைத்துக் கணக்கிட்டால், நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நிற்கும் இடத்தில் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கலாம். இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது: மோட்டார் போட்டு மட்டத்தை 1 அடி இறக்கினால், உப்புத் தண்ணீர் கீழிருந்து காலப்போக்கில் சுமார் 40 அடி மேலே ஏற இடம் கிடைக்கிறது. மண்ணின் அடுக்குகளைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். சாயல்குடி போலக் கடலிலிருந்து சற்றுத் தள்ளிய இடங்களில் பழைய கடற்படிவ அடுக்குகளுக்குள்ளேயே உப்பு தங்கியிருப்பதும் உண்டு. இரண்டில் எது காரணமாக இருந்தாலும், உப்பாகிவரும் போரை இன்னும் நூறு அடி இறக்குவது உப்பை நோக்கியே போவதாக முடியும். கையிலுள்ள பணத்தை அதில் போட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

அதற்குப் பதிலாகப் பொறியாளர் என்ன செய்வார்? முதலில் தண்ணீரின் மின்கடத்துதிறனை அளப்பார்; தண்ணீரில் உப்பு கூடக் கூட அந்த எண்ணும் கூடும். கையில் பிடித்துக்கொள்ளும் இ.சி. மீட்டர் ஒன்று போதும். மோட்டார் போட்டதும் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, நிறுத்தும் முன் ஒரு முறை என்று அளந்தால், இறைக்க இறைக்க எண் ஏறிக்கொண்டே போகிறதா, ஒரே நிலையில் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். ஏறிக்கொண்டே போனால் உப்பு கீழிருந்து இழுபடுகிறது. அப்போது ஆழம் குறைந்த கிணறு, சிறிய மோட்டார், விட்டு விட்டு இறைத்தல் என்று மேலேயுள்ள நல்ல தண்ணீரை மட்டும் அள்ளும் வழிக்குப் போக வேண்டும். மணற்பாங்கான கரையில் ஆழம் குறைந்த கிணறுகளும் ஊற்றுகளும் நல்ல தண்ணீர் தந்துவந்ததற்கு இதுதான் காரணம். அதையே துளையிட்ட குழாய்களைக் கிடைமட்டமாகப் பதித்து, பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாகத் தண்ணீர் சேரும்படி அமைப்பதை வடிவமைப்புப் பாடத்தில் படிப்பீர்கள். தொடக்கத்திலிருந்தே எண் உயர்ந்து ஒரே நிலையில் நின்றால், அந்த அடுக்கிலுள்ள தண்ணீரே அப்படித்தான். பண்ணைக்குட்டையில் மழைநீரைத் தேக்கிக் கலந்து பாய்ச்சுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்தது பயிர். பாசனப் பாடநூல்களின் அட்டவணைப்படி, வேர்ப்பகுதி மண்சாறின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸ் என்ற அளவைத் தாண்டினால் நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய்க்கு அந்த எல்லை 1.5 மட்டுமே, அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 14 விழுக்காடு விளைச்சல் போகும். பருத்தியோ 7.7 வரை தாங்கும். மிளகாய்க்கான எண்கள் வெளிநாட்டுக் குடைமிளகாய் இனங்களில் செய்த சோதனைகளைச் சார்ந்தவை. தலைமுறை தலைமுறையாக நம் கரிசலிலும் உவரிலும் மானாவாரியாக விளைந்து, 2023-இல் புவிசார் குறியீடும் பெற்ற முண்டு மிளகாய் எந்த எல்லை வரை தாங்குகிறது என்பதை நம் வயலிலேயே முறையாக அளந்து பார்ப்பது, உங்களைப் போன்ற ஒருவர் எடுத்துச் செய்ய வேண்டிய ஆராய்ச்சி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இராமநாதபுரத்திலேயே இருக்கிறது. கோயம்புத்தூரில் படித்தாலும் ஆய்வுக்கு நம் மாவட்டத்துக்கே வரலாம்.

சொட்டுநீரைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் முழு மானியம் கிடைப்பதால் பலரும் போடுகிறார்கள், நல்ல காரியம்தான். ஆனால் உப்புத் தண்ணீரில் சொட்டுநீர் ஓடும் வயலில் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு சொட்டுவானுக்குக் கீழும் ஈரம் வட்டமாக இருக்கும். அந்த வட்டத்தின் விளிம்பில் மாவு தூவியது போல வெள்ளையாகப் பூத்திருக்கும். தண்ணீர் தன்னோடு உப்பைத் தள்ளிக்கொண்டு போய் ஈரம் முடியும் இடத்தில் விட்டுவிட்டு ஆவியாகிவிடுகிறது. செடி உள்ளே நல்லபடியாக நிற்கும். ஒரு சிறு தூறல் போட்டால் போதும், விளிம்பிலுள்ள உப்பு கரைந்து நேரே வேருக்குப் போய்விடும். மழை பெய்கிறதே என்று அப்போது மோட்டாரை நிறுத்துவதுதான் இயல்பு. செடி வாடுவதும் அதனால்தான். தூறல் விழும்போது சொட்டுநீரை ஓட விட வேண்டும். உப்பை வேரிலிருந்து வெளிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். நல்ல கனமழை பெய்து உப்பு கீழே கழுவப்பட்ட பிறகு நிறுத்தலாம். குழாயைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போகும் நிறுவன ஊழியர் இதைச் சொல்லாமல் போனால் விவசாயி சொட்டுநீரையே குறை சொல்வார். இதைத் தெரிந்த ஒருவர் வட்டாரத்துக்கு ஒருவராவது இருந்தால் எத்தனையோ வயல்கள் பிழைக்கும்.

நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுகிறது. அதைப் பிடித்து வைக்க முன்னோர் அமைத்தவைதான் கண்மாய்களும் ஊருணிகளும். ஒன்றின் கலுங்கில் வழிவது அடுத்ததற்கு வரத்தாகும்படி சங்கிலியாகக் கட்டினார்கள். வைகை கடைசியில் சேரும் இராமநாதபுரம் பெரிய கண்மாய் அந்தச் சங்கிலியில் பெரியது. நம் நிலம் மிகச் சமமானது; மட்டம் அளப்பதில் ஒரு சாண் பிழை நேர்ந்தாலும் வரத்துக்காலில் தண்ணீர் எதிர்ப்பக்கம் நிற்கும். தூர்வாருவதிலும் கணக்கு வேண்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது. கரைக்கு அருகிலுள்ள கண்மாய்களில் அடியிலுள்ள களிமண் படுகையை வெட்டிவிட்டால் தேங்கிய நல்ல தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடும், கோடையில் கீழிருந்து உவர் ஏறும். ஆர்வமுள்ள இளைஞர்கள் பொக்லைனை வைத்து ஆழப்படுத்துவதை மனதாரப் பாராட்டுகிறேன். அவர்களோடு மட்டக்கருவியும் மண் மாதிரி எடுக்கத் தெரிந்த ஒருவரும் நின்றால் அந்த உழைப்பு வீணாகாது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் கண்மாய், ஊருணிச் சீரமைப்பில் பல ஆண்டுகளாக வேலை செய்கின்றன. இந்தப் பயிற்சியோடு போகிறவர்களுக்கு அங்கே இடம் உண்டு.

அம்மாவின் தொழிலுக்கு வருகிறேன். கப்பாபைக்கஸ் என்ற பாசியை மண்டபத்திலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் 1990-களில் இங்கே வளர்த்துக் காட்டியது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, அதில் விதைப்பாசி கட்டிய கயிறுகள், மீன் கடிக்காமல் இருக்க அடியில் வலை, 45 நாளில் அறுவடை என்று அம்மாவுக்கு எல்லாம் மனப்பாடமாக இருக்கும். அதிலுள்ள பொறியியல் வேலைகளைப் பாருங்கள். வாடைக்காற்றில் வடகடலும் கச்சான் காற்றில் தென்கடலும் கொந்தளிக்கும்போது மிதவை உடையாமல் நிற்க நங்கூரமும் கட்டும் எப்படி இருக்க வேண்டும்? மூங்கில் ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருக்கிறதே, அதற்கு ஈடாகச் செலவு குறைந்தது எது? பத்துக் கிலோ ஈரப்பாசி உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சுகிறது. மழைக்காலத்தில் அதை மணலில் பரப்பாமல் எப்படிக் காயவைப்பது? ஈரப்பாசியைப் பிழிந்து வரும் சாற்றைப் பயிருக்கு ஊக்கியாகத் தெளித்துவிட்டு, மிச்சத்திலிருந்து கராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருளை எடுக்கும் முறையை அதே ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அந்தச் சாறு மாமாவின் மிளகாய்க்கும் பயன்படும். அம்மாவின் குழுவே அதைச் செய்யும் அளவுக்குச் சிறிய ஆலையாக வடிவமைப்பது இன்னும் நன்றாகச் செய்யப்பட வேண்டிய வேலை. தொண்டி அருகே வளமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டமாகக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கே வேலைக்கு ஆட்கள் தேவைப்படும்போது வெளியூரிலிருந்து மட்டுமே வரும் நிலை இருக்கக்கூடாது என்பது என் விருப்பம்.

ஆனால் இந்தப் பாசி நம் கடலுக்கு அந்நியமானது. 2008-இல் குருசடைத் தீவுப் பகுதியின் பவளப்பாறைகள் மேல் இது படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அந்தப் பவளப்பாறையில்தான் அப்பாவின் வலையில் விழும் மீனில் ஒரு பங்கு குஞ்சாக வளர்கிறது. அம்மாவின் வருமானத்துக்காகச் செய்வது அப்பாவின் வருமானத்தை அரிக்கக்கூடும் என்பது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கேள்வி. இதற்குப் பாசியே வேண்டாம் என்பதும், ஒன்றும் ஆகாது என்பதும் விடையாகாது என்று நினைக்கிறேன். நீரோட்டம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போகிறது, அறுந்த துண்டுகள் எங்கே கரையேறுகின்றன, பாறையிலிருந்து எவ்வளவு தூரத்தில் மிதவை போடலாம், துண்டுகள் சிதறாதபடி குழாய் வலைக்குள் வளர்க்க முடியுமா, கஞ்சிப்பாசி போன்ற நம் கடலின் சொந்தப் பாசியையே கூடுதலாக வளர்க்க முடியுமா என்று அளந்தும் செய்தும் பார்த்துச் சொல்ல வேண்டும். கடலியல் தெரிந்தவரும் வேளாண் பொறியாளரும் பாசி எடுக்கும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் அது நடக்கும். அந்த மூன்று பேர் பேசுவதும் புரியக்கூடிய ஒருவர் உங்கள் வீட்டிலிருந்து வரப்போகிறார் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

உலர்த்துவதைப் பற்றிச் சொன்னேன். மிளகாய்க்கும் கருவாட்டுக்கும் அதே கதைதான். மிளகாய்ப் பழத்தைக் களத்திலும் சாலையோரத்திலும் பரப்பினால், பகலில் காய்கிறது, இரவில் பனியில் நனைகிறது. மூன்று நாலு நாள் மேகம் மூடினால் பூஞ்சை பிடித்துச் சண்டு வத்தல் ஆகிறது. விலை குறைவது மட்டுமல்ல, பூஞ்சையிலிருந்து வரும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஐரோப்பாவுக்கு அனுப்பும் வத்தலில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. சூரியக் கூடார உலர்த்திக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. உள்ளே காற்று எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், முண்டு போன்ற தோல் தடித்த காய்க்குச் சூடு எவ்வளவு, அதே கூடாரத்தில் பருவம் மாறியதும் கருவாடு போடலாமா, வாடை ஒட்டுமா என்பதெல்லாம் ஒரு நல்ல இறுதியாண்டு ஆய்வுக்கான கேள்விகள்.

சில வேலைகளைப் பற்றி எச்சரிக்கையாகவும் சொல்ல வேண்டும். இறால் பண்ணைகள் இத்துறைப் பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கின்றன. பண்ணையின் உப்புத் தண்ணீர் பக்கத்து வயலிலும் கிணற்றிலும் இறங்கியதால்தான் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் ஐயா உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996-இல் தீர்ப்பு வந்தது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. குளத்தின் அடியில் விரிப்பு, சுற்றிலும் கசிவை மறித்து எடுக்கும் வடிகால், கழிவுநீரைக் கடலில் விடும் முன் வண்டல் படிய வைக்கும் குளம் ஆகியவற்றை வரைபடத்தில் மட்டும் காட்டாமல் தரையில் கட்டச் சம்மதிக்கும் முதலாளியிடம் சேருங்கள். ஊராட்சிகளில் வைக்கும், சவ்வு வழியாக உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. குடிநீர் நிலையங்களும் அப்படித்தான். குடிக்க நல்ல தண்ணீர் கிடைப்பது பெரிய நிம்மதி. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்ததும், காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்ததும் பெண்களின் எத்தனையோ நடையைக் குறைத்தன. ஆனால் சிறிய ஆர்.ஓ. நிலையத்தின் வடிகட்டி ஒதுக்கித் தள்ளும் செறிந்த உப்புநீரை நிலையத்துக்குப் பின்னாலேயே மண்ணில் விட்டால், அது இறங்கி அதே போருக்கே திரும்பி வரும். அதை உப்பங்கழிக்கோ உப்பளத்துக்கோ கொண்டுபோகும் குழாயையும் சேர்த்துத்தான் திட்டச் செலவு போட வேண்டும்.

இனி வேலை, சம்பளம். அரசில், வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. அடிப்படைச் சம்பளம் 37,700 ரூபாயில் தொடங்குகிறது. நிரந்தரமான, மக்களோடு நேரடியாகப் பழகும் வேலை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வருவதில்லை. வரும்போதும் இடங்கள் குறைவு. இதையே நம்பி வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வங்கிகளில் வேளாண் அலுவலர் பணிக்கும் இந்தப் பட்டம் செல்லும். முதுநிலை, முனைவர் படிப்புக்குப் போனால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனங்கள் இருக்கின்றன. தனியாரில் சொட்டுநீர், சூரிய மோட்டார், டிராக்டர், உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள். அங்கே தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும். முதல் சில ஆண்டுகள் விற்பனை வேலையாகவும் இருக்கலாம். தொண்டு நிறுவனங்களில் மனநிறைவு உண்டு, சம்பளம் சுமாராகத்தான் இருக்கும். மாமா சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது, அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. வீட்டில் உடனடியாகத் தீர்க்க வேண்டிய கடன் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். அவர் சொல்லும் கம்ப்யூட்டரையும் விட வேண்டியதில்லை. செயற்கைக்கோள் படங்களிலிருந்து கண்மாயின் நீர்ப்பரப்பையும் உவர் பரவும் வேகத்தையும் கணிக்க நிரல் எழுதத் தெரிந்த வேளாண் பொறியாளர்களுக்கு இப்போது நல்ல மதிப்பு இருக்கிறது. முதலாண்டிலேயே பைத்தான் மொழியைக் கற்கத் தொடங்குங்கள்.

பெண்கள் களத்தில் நிற்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள் உங்கள் கரையில் தலைமுறைகளாக இருக்கிறார்கள். உடலால் முடியுமா என்ற கேள்வியே அங்கே எழாது. உண்மையான சிரமங்கள் வேறு: தளத்தில் கழிப்பறை இருக்காது; இருட்டிய பிறகு கடைசி பேருந்தைப் பிடிக்க வேண்டும்; ஒப்பந்ததாரர் நம்மை விட்டுவிட்டுக் கூட வந்த ஆண் உதவியாளரிடம் பேசுவார். முதல் இரண்டுக்கும் இருசக்கர வாகனம் ஓட்டத் தெரிந்திருப்பது பாதித் தீர்வு, இப்போதே பழகிக்கொள்ளுங்கள். மூன்றாவதற்கு, அளவுப் புத்தகத்தை நம் கையிலேயே வைத்திருந்து, நாமே மட்டக்கருவி வழியாகப் பார்த்து எழுதினால், பில் தொகைக்காக அவர் நம்மிடம்தான் வந்தாக வேண்டும். அதே சமயம், மிதவை போடும் குழுவிலும் வத்தல் காயப்போடும் களத்திலும் இருப்பவர்கள் பெண்கள். அவர்கள் ஓர் ஆண் அதிகாரியிடம் சொல்லாத குறைகளை உங்களிடம் உட்கார்ந்து சொல்வார்கள். கருவியின் வடிவமே அதனால் மாறும்.

சேர்க்கைக்கு வருவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரிலும் திருச்சி மாவட்டம் குமுளூரிலும் பி.டெக். வேளாண் பொறியியல் நடத்துகிறது. நான்கு ஆண்டுகள், கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும், நீட் தேவையில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகளில் பி.இ. வேளாண் பொறியியல் இருக்கிறது. அதற்குப் பொறியியல் கலந்தாய்வு வழியாகப் போக வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம் என்பதை மறந்துவிடாதீர்கள். தனியார் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், விளம்பரத்தைப் பார்க்காமல், மண் ஆய்வுக்கூடமும் மட்ட அளவைக் கருவிகளும் வயலும் உண்மையில் இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதினால் தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், மதிப்பெண் மிக நன்றாக இருந்தால் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் வேளாண், உணவுப் பொறியியல் துறையும் உண்டு. கடல் பக்கமே மனம் போனால், நாகப்பட்டினத்தில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.டெக். மீன்வளப் பொறியியல் இருக்கிறது. மீனவர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டு விதியை அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியியல், வேளாண்மை, மீன்வளப் படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால் அதற்கான சான்றிதழையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விருப்ப வரிசையாக நான் சொல்வது: முதலில் கோயம்புத்தூர், அடுத்து குமுளூர், மூன்றாவதாக நாகப்பட்டினத்து மீன்வளப் பொறியியல், அதன் பிறகே தனியார் கல்லூரி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். இடையில் ஏதாவது ஓர் ஆண்டு வேறு பள்ளியில் படித்திருந்தால் அந்தப் பள்ளியின் கையொப்பமும் வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும்.